முத்துப்பிள்ளை எடுத்து ஆறு வாரம் ஆகியும் பீட்டா எச்.சி.ஜி. இறங்கவில்லை, புற்றுநோய் ஊசி போட வேண்டும் என்கிறார்கள். கடந்து வந்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்

வைகைக்கரை | செவ்வாய், இரவு 11.20

வணக்கம். இங்கே நான் வழக்கமாக விதை, உரம், மாடு என்றுதான் கேட்பேன். இன்றைக்கு வீட்டு விஷயம். தூக்கம் வரவில்லை, அதனால் எழுதுகிறேன்.

மனைவிக்கு 29 வயது. கல்யாணமாகி மூன்று வருடம் கழித்து முதல் கர்ப்பம். இரண்டாம் மாதத்திலிருந்தே வாந்தி என்றால் அப்படி ஒரு வாந்தி, பச்சைத் தண்ணீர் கூட வயிற்றில் நிற்காது. மசக்கை என்றார்கள், நாங்களும் அப்படியே நினைத்தோம். பதினோராவது வாரம் உதிரம் பட ஆரம்பித்தது. ஸ்கேன் எடுத்த மேடம் ரொம்ப நேரம் எதுவும் பேசாமல் திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அப்புறம், "பிள்ளை வளரலைம்மா, இது முத்துப்பிள்ளை" என்றார். கொத்துக் கொத்தாக நீர்க்கொப்புளம், பிள்ளை இல்லவே இல்லை.

ஊரில் ஒரு நர்சிங் ஹோமில் மயக்கம் கொடுத்து உறிஞ்சி எடுத்தார்கள். மறுநாள் இரும்புச்சத்து மாத்திரை கொடுத்து, சுத்தமாக எடுத்தாச்சு, ஏதாவது தொந்தரவு என்றால் வாங்க என்று அனுப்பிவிட்டார்கள். எடுத்த சதையை லேபுக்கு அனுப்பவில்லை. அப்புறம் ரத்தப் பரிசோதனை வேண்டும் என்றும் சொல்லவில்லை. மனைவியின் அக்கா கிராம சுகாதார செவிலியர், அவர்தான் கேட்டுத் திட்டி வாரா வாரம் பீட்டா எச்.சி.ஜி. என்ற கர்ப்ப ஹார்மோனை ரத்தத்தில் பார்க்கச் சொன்னார். இரண்டாம் வாரம் 3,900. மூன்றாம் வாரம் 1,120. அதற்கப்புறம் 1,080, 1,150, 1,105. அப்படியே நிற்கிறது.

மதுரை பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனோம். நெஞ்சு எக்ஸ்ரேயில் நுரையீரலில் இரண்டு புள்ளி. ஸ்கேனில் கர்ப்பப்பைச் சதைக்குள் இரண்டு சென்டிமீட்டர் அளவில் ஒன்று. சீட்டில் ஸ்டேஜ் 3 என்று எழுதியிருக்கிறது. திங்கட்கிழமை ஊசி ஆரம்பிக்க வேண்டுமாம்.

என் கேள்வி இதுதான். ஒரு துளி சதை எடுத்து பயாப்சி பார்க்காமல், வெறும் ரத்த நம்பரை வைத்து எப்படிப் புற்றுநோய் என்று சொல்கிறார்கள்? ஸ்டேஜ் 3 என்றால் எங்களுக்கு என்ன மிச்சம் இருக்கிறது? வேறு இடத்தில் காட்டிவிட்டு ஆரம்பிக்கலாமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


சோலைமலை | செவ்வாய், இரவு 11.48

தைரியமாக இருங்கள் சகோ. காலையில் சிஸ்டர் அம்மா வருவார், அவருக்கு இதெல்லாம் தெரியும்.


வேப்பமரத்தடி | புதன், காலை 5.35

தம்பி, இப்போதுதான் பார்த்தேன். நான் புற்றுநோய் வார்டில் 26 வருடம் நர்சாக இருந்து ஓய்வு பெற்றவள். டாக்டர் இல்லை, ஆனால் இந்த நோயில் வந்த பெண்களை என் கையால் எத்தனையோ முறை குளிப்பாட்டி, குணமாகி வீட்டுக்கு அனுப்பியிருக்கிறேன். அதனால் பயப்படாமல் முழுசாகப் படியுங்கள்.

முதலில் பயாப்சி விஷயம். மற்ற எல்லாப் புற்றுக்கும் சதை பார்க்காமல் கீமோ கொடுக்க மாட்டார்கள், இது ஒன்றுதான் கிட்டத்தட்ட விதிவிலக்கு. இந்தக் கட்டி நஞ்சுக்கொடித் திசுவிலிருந்து வருவது. அந்தத் திசு சும்மா இருக்காது, எச்.சி.ஜி. என்ற ஹார்மோனை ரத்தத்தில் விட்டுக்கொண்டே இருக்கும். கர்ப்பம் உண்டா இல்லையா என்று பார்க்கிறோமே, அதே ஹார்மோன். முத்துப்பிள்ளையை எடுத்த பிறகு அது வாரா வாரம் இறங்கி அடங்க வேண்டும். மூன்று வாரத்தில் எடுத்த நான்கு பரிசோதனையும் ஒரே மட்டத்தில் நின்றால், அல்லது இரண்டு வாரத்தில் மூன்று முறை தொடர்ந்து பத்து சதவிகிதத்துக்கு மேல் ஏறினால், உள்ளே உயிரோடு ஒன்று இருக்கிறது என்று அர்த்தம். உலகம் முழுக்க இந்தக் கணக்குதான். உங்கள் நம்பரைப் பாருங்கள்: 1,120, 1,080, 1,150, 1,105. அச்சு அசலாக அதுதான்.

சதை எடுக்காமல் இருப்பதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. இந்தக் கட்டி முழுக்க ரத்தம். ஒரு பெண்ணுக்குப் பிறப்புறுப்பின் சுவரில் மொச்சைக்கொட்டை அளவில் நீலம் பாய்ந்த ஒரு முண்டு இருந்தது. வெளியில் யாரோ என்னவென்று பார்க்க லேசாகக் கிள்ளி எடுத்திருக்கிறார்கள். எங்களிடம் வந்து சேரும்போது சேலை, பாவாடை, ஆட்டோ சீட்டு எல்லாம் ரத்தம். துணிச்சுருளை அடைத்து, நான் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டே தியேட்டர் வரை ஓடினேன். பிழைத்துக்கொண்டாள். அதனால்தான் சொல்கிறேன், தொடாமல் இருப்பதே இங்கே நல்ல வைத்தியம்.

அப்புறம் ஸ்டேஜ் 3. மார்பகத்திலோ குடலிலோ ஸ்டேஜ் 3 என்றால் நமக்கு நெஞ்சு அடைக்கும். இதில் நுரையீரலுக்குப் போயிருந்தாலே ஸ்டேஜ் 3 என்று எழுதிவிடுவார்கள், அதை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்யக் கூடாது. சீட்டில் அதற்குப் பக்கத்தில் ஒரு நம்பர் இருக்கும், ஸ்கோர். வயது, முந்தைய கர்ப்பம் எப்படிப்பட்டது, அது முடிந்து எத்தனை மாதம், எச்.சி.ஜி. எவ்வளவு, கட்டி எவ்வளவு பெரிசு, எங்கே பரவியிருக்கிறது, எத்தனை இடம், ஏற்கெனவே கீமோ கொடுத்துத் தோற்றதா, இவ்வளவையும் கூட்டிப் போடுவார்கள். 6 வரைக்கும் குறைந்த ஆபத்து, 7-இலிருந்து அதிக ஆபத்து. உங்கள் மனைவிக்கு எச்.சி.ஜி. ஆயிரத்தைத் தாண்டியதற்கு 1, நுரையீரலில் இரண்டு புள்ளி இருப்பதற்கு 1, மற்றதெல்லாம் சுழி. 2 வரும் என்று நினைக்கிறேன். சீட்டை எடுத்துப் பாருங்கள். அந்த வகையில் ஏறக்குறைய எல்லோருமே குணமாகிறார்கள் தம்பி. ஆறுதலுக்காகச் சொல்லவில்லை, இதுதான் இந்த நோயின் நிலவரம்.


வைகைக்கரை | புதன், காலை 6.10

சிஸ்டர் அம்மா, சீட்டில் ரோமன் எழுத்தில் மூன்று போட்டு, ஒரு முக்காற்புள்ளி வைத்து, 2 என்று எழுதியிருக்கிறது. நான் அதைப் பக்க எண் என்று நினைத்துவிட்டேன். அவளை எழுப்பிக் காட்டினேன்.


லேப் மணிமாறன் | புதன், காலை 8.02

பரிசோதனைக் கூடத்திலிருந்து சில விஷயம். ஒன்று, கடைசி வரை ஒரே லேபில் பாருங்கள். மெஷினுக்கு மெஷின் நம்பர் கொஞ்சம் மாறும், 1,080 என்று ஓரிடத்திலும் 1,300 என்று வேறிடத்திலும் வந்தால் ஏறியதா இறங்கியதா என்று யாராலும் சொல்ல முடியாது. இரண்டு, முத்துப்பிள்ளை உள்ளே இருக்கும்போது எச்.சி.ஜி. சில லட்சத்துக்குப் போய்விடும். அவ்வளவு அதிகமானால் வீட்டில் பார்க்கும் சிறுநீர் அட்டையில் கர்ப்பம் இல்லை என்றே காட்டக்கூடும், ஏனென்றால் அளவுக்கு மீறிய ஹார்மோன் அந்தப் பரிசோதனையையே திணறடித்துவிடும். லேபில் சந்தேகம் வந்தால் மாதிரியை நீர்க்க வைத்துத் திரும்பப் போடுவோம். மூன்று, இதற்கு நேர் எதிராக, சிலருடைய ரத்தத்தில் உள்ள வேறு எதிர்ப்புப் பொருள் கருவியை ஏமாற்றி இல்லாத எச்.சி.ஜி.யை இருப்பதாகக் காட்டும். அப்போது சிறுநீரில் பார்த்தால் ஒன்றும் இருக்காது. குறைவான நம்பர் பல மாதமாக அசையாமல் நின்று, ஸ்கேனில் எதுவும் தெரியவில்லை என்றால் கீமோவுக்கு முன் இதைச் சரிபார்க்கச் சொல்லிக் கேளுங்கள். உங்கள் கேஸில் எக்ஸ்ரேயும் ஸ்கேனும் பேசுகின்றன, அந்தச் சந்தேகம் வேண்டாம்.


வைகைக்கரை | புதன், இரவு 9.45

எல்லோருக்கும் நன்றி. வேறு இடத்துக்கு அலையப் போவதில்லை, திங்கட்கிழமை சேர்கிறோம். முதலமைச்சர் காப்பீட்டு அட்டையில் கீமோ வரும் என்றார்கள், பேப்பர் கொடுத்துவிட்டேன்.

ஒன்று மட்டும் கேட்க வேண்டும். வீட்டில் வயசானவர்கள் வாயை அடைக்க முடியவில்லை. கிரகணத்தன்று வெளியே போனாள், அதனால்தான் என்கிறார் ஒருவர். முந்தின ஜென்மத்துப் பாவம் என்கிறார் இன்னொருவர். அவள் எதிர்த்துப் பேசுவதில்லை, ஆனால் ராத்திரியில் என்னிடம், "நான் என்னங்க தப்பு செஞ்சேன்" என்று கேட்கிறாள். எனக்குப் பதில் தெரியவில்லை.


இளவேனில் | வியாழன், மதியம் 2.30

அண்ணா, நான் மகப்பேறு மருத்துவம் மேற்படிப்பு படிக்கிறேன். உங்கள் மனைவிக்கு இதை அப்படியே படித்துக் காட்டுங்கள்.

சாதாரணமாக முட்டையில் பாதி, விந்தில் பாதி என்று குரோமோசோம் சேர்ந்து 46 ஆகும். முழு முத்துப்பிள்ளையில் முட்டை காலியாக இருக்கும், தாயின் குரோமோசோம் அதில் இருக்காது. உள்ளே போன விந்து தன்னையே இரட்டித்துக்கொள்ளும், சில சமயம் இரண்டு விந்து நுழைந்துவிடும். ஆக மொத்தம் 46 இருக்கும், ஆனால் எல்லாமே தகப்பன் வழி. பிள்ளையை உருவாக்கத் தாயின் பங்கு வேண்டும், அது இல்லாததால் பிள்ளை வராது. நஞ்சுக்கொடி மட்டும் கண்மண் தெரியாமல் வளர்ந்து, அதன் விரல் போன்ற இழைகளெல்லாம் நீர் கோத்து முத்து முத்தாக வீங்கும். பகுதி முத்துப்பிள்ளை என்று இன்னொன்று உண்டு, அதில் ஒரு முட்டையும் இரண்டு விந்தும் சேர்ந்து 69 குரோமோசோம் ஆகிவிடும். முழு வகையில் நூற்றுக்கு 15 முதல் 20 பேருக்கு அப்புறம் கீமோ தேவைப்படுகிறது, பகுதி வகையில் ஐந்துக்கும் குறைவு. இதைப் பிரித்துச் சொல்லத்தான் எடுத்த சதையை லேபுக்கு அனுப்புவது. அனுப்பவில்லை என்று நீங்கள் எழுதியதைப் படித்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது.

இதெல்லாம் கரு தரிக்கும் அந்த நிமிடத்திலேயே முடிந்துபோன விஷயம். கிரகணத்துக்கும் பப்பாளிக்கும் படியேறியதற்கும் இதில் வேலையே இல்லை. எல்லாம் தகப்பன் வழி என்றதும் உங்கள் மேல் பழியைத் தூக்கிப் போட்டுக்கொள்ளாதீர்கள், விந்தில் எந்தக் குறையும் இல்லை. 40 வயதுக்கு மேலும் பதின்வயதிலும் கர்ப்பமானால் இது வரும் வாய்ப்பு கூடும், அது உறுதியாகத் தெரிந்தது. அந்த வாந்தி கூட அவர் உடல் பலவீனம் இல்லை, எச்.சி.ஜி. அளவுக்கு மீறிப் போனதால் வந்தது. சிலருக்குத் தைராய்டும் அளவுக்கு மீறிச் சுரக்கும், ஏனென்றால் எச்.சி.ஜி.யின் உருவம் தைராய்டைத் தூண்டும் ஹார்மோனைப் போலவே இருக்கும்.


கரிசல் பெண் | வியாழன், மாலை 6.15

நான் கடந்து வந்தவள். ஆறு வருடம் ஆகிறது. அண்ணா, ஊசி எப்படி இருக்கும் என்று யாரும் எனக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை, அதனால் நான் சொல்கிறேன்.

மெத்தோட்ரெக்சேட் 50 மில்லிகிராம், இடுப்பில் போடுவார்கள். முதல் நாள், மூன்றாம் நாள், ஐந்தாம் நாள், ஏழாம் நாள். இடையில் வரும் நாட்களில் ஃபோலினிக் ஆசிட் மாத்திரை. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை இப்படி ஒரு சுற்று. அந்த மாத்திரையைச் சத்து மாத்திரை என்று நினைத்து விட்டுவிடாதீர்கள், ஊசி நல்ல செல்லையும் பட்டினி போடும், அதை மீட்டுக்கொண்டு வருவது அந்த மாத்திரைதான். என் அம்மா ஒரு காலண்டரில் ஊசி நாளுக்குச் சிவப்பு, மாத்திரை நாளுக்குப் பச்சை என்று வட்டம் போட்டு அடுப்படியில் மாட்டிவிட்டார். ஃபோலிக் ஆசிட் என்று கர்ப்பத்துக்குக் கொடுத்த பழைய மாத்திரை வீட்டில் இருந்தால் அதை எடுத்து ஓரமாக வையுங்கள். பெயர் ஒன்றுபோல இருக்கும், டாக்டர் சொல்லாமல் அதைத் தொடக் கூடாது. தலைவலிக்கு, உடம்பு வலிக்கு என்று கடையில் கேட்டு வலி மாத்திரை வாங்கக் கூடாது, அதில் பல இந்த மருந்தோடு சேராது.

முடி எனக்கு இந்த ஊசியில் கொட்டவில்லை. வாய்தான் புண். இரண்டாவது சுற்றில் உதட்டு உள்பக்கம் வெள்ளை வெள்ளையாக, ரசம் சாதம் கூட எரியும். மோரில் உப்புப் போடாமல் குழையக் கரைத்த சாதம், நுங்கு, ஆறின கஞ்சி, இதுதான் ஓடியது. சோடா உப்பு கரைத்த தண்ணீரில் நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை வாய் கொப்பளிக்கச் சொன்னார்கள். கண் உறுத்தும், வெயிலில் தோல் சீக்கிரம் கருக்கும், குடை பிடித்துப் போகச் சொல்லுங்கள்.

எனக்கு மூன்றாவது சுற்றுக்கு அப்புறம் 240-இல் நின்று 260 ஆனது. அன்றைக்கு எல்லாம் முடிந்தது என்று ஓ.பி. பெஞ்சில் உட்கார்ந்து அழுதேன். டாக்டர் சாதாரணமாக, இது கேட்கவில்லை, அடுத்ததுக்குப் போவோம் என்றார். ஆக்டினோமைசின் மாற்றினார்கள். அது நரம்பில் போடுவது, கொஞ்சம் வெளியே கசிந்தாலும் தோலைச் சுட்டுவிடும், எரிச்சல் தெரிந்தால் உடனே சிஸ்டரைக் கூப்பிட வேண்டும். முடி கொட்டியது, வாந்தி எடுத்தேன், ஆனால் இரண்டே சுற்றில் நம்பர் விழுந்தது. மருந்து மாற்றினால் தோல்வி என்று நினைக்காதீர்கள், சிலருக்கு அப்படித்தான்.

முடிந்து 14 மாதம் கழித்துக் கர்ப்பமானேன். ஆறாவது வாரமே ஸ்கேன் பார்த்தார்கள். துடிப்பு கேட்டது. பெண் பிறந்தாள். பிரசவத்துக்கு அப்புறம் நஞ்சை லேபுக்கு அனுப்பி, ஆறு வாரம் கழித்து மறுபடி பீட்டா பார்த்தார்கள். ஒன்றும் இல்லை. இப்போது பக்கத்து வீட்டுக் கோழியைத் துரத்திக்கொண்டிருக்கிறாள்.


சோலைமலை | வெள்ளி, காலை 9.10

தப்பாக எடுக்காதீர்கள். எங்கள் பக்கம் ஒரு பெரியவர் கட்டி கரைய வேர்ச்சாறு கொடுக்கிறார். ஒரு மண்டலம் சாப்பிட்டுப் பார்த்துவிட்டு, கேட்காவிட்டால் ஊசிக்குப் போகலாமே? கீமோ உடம்பைக் கெடுத்துவிடும் என்கிற பயத்தில்தான் சொல்கிறேன்.


வேப்பமரத்தடி | வெள்ளி, காலை 9.55

சோலைமலை, நீங்கள் அக்கறையில்தான் சொல்கிறீர்கள், தெரியும். ஆனால் ஒரு மண்டலம் என்றால் 48 நாள். முந்தாநாள் எழுதிய ஸ்கோரைத் திரும்பப் பாருங்கள். நான்கு மாதம் தாண்டினால் ஒரு புள்ளி ஏறும். எச்.சி.ஜி. பத்தாயிரம் தாண்டினால் இன்னொன்று. கட்டி மூன்று சென்டிமீட்டர் ஆனால் இன்னொன்று. மூளைக்கோ ஈரலுக்கோ போய்விட்டால் ஒரேயடியாக நான்கு. இன்றைக்கு இடுப்பில் போடும் ஒரே மருந்தோடு தீருகிற பெண், 48 நாளில் ஐந்து மருந்து சேர்த்துக் கொடுக்கிற வார்டுக்குப் போய்விடலாம். ஊசியோடு சேர்த்தும் அந்தச் சாறு வேண்டாம், மெத்தோட்ரெக்சேட்டே ஈரலுக்குப் பாரம், அதன் மேல் இன்னதென்று தெரியாத வேரை ஏற்றக் கூடாது. தம்பி, தயவுசெய்து திங்கட்கிழமையைத் தள்ளிப் போடாதீர்கள்.


நெய்வேலி பாஸ்கர் | வெள்ளி, இரவு 8.40

இந்த இழையைப் படித்ததும் என் தங்கை கதையை எழுதியே ஆக வேண்டும் என்று தோன்றியது, ஏனென்றால் முத்துப்பிள்ளை வந்தால்தான் இந்த நோய் என்று படிக்கிறவர்கள் நினைத்துவிடக் கூடாது.

அவளுக்கு நல்ல பிரசவம், ஆண் குழந்தை, மூன்று கிலோ. நாலாவது மாதத்தில் இருமல், சளியில் ரத்தம். கூடவே விட்டு விட்டு உதிரப்போக்கு, பிள்ளை பெற்ற உடம்பு அப்படித்தான் இருக்கும் என்று விட்டுவிட்டோம். ஒரு மருத்துவமனையில் எக்ஸ்ரே பார்த்துவிட்டு டி.பி. என்றார்கள். சளியில் கிருமி இல்லை, இருந்தாலும் மாத்திரை ஆரம்பித்தார்கள். ஐந்து வாரம் சாப்பிட்டாள், மூச்சிரைப்பு கூடியதே தவிர குறையவில்லை. வேறு ஊரில் ஒரு பெண் டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்து, பஞ்சு உருண்டை மாதிரி வட்ட வட்டமாக இருந்ததைப் பார்த்தார். குழந்தைக்கு எத்தனை மாதம் என்று கேட்டார். உடனே கர்ப்பப் பரிசோதனை பார்க்கச் சொன்னார். பால் கொடுக்கிற பெண்ணுக்கு எதற்கு இது என்று நான் வாக்குவாதம் செய்தேன். அட்டையில் இரண்டு கோடு வந்தது. ரத்தத்தில் பார்த்தால் ஒரு லட்சத்துக்கு மேல். கோரியோகார்சினோமா, அதாவது இதே நஞ்சுக்கொடித் திசுவில் வரும் புற்றுநோய்.

சாதாரணப் பிரசவத்துக்கு அப்புறமும் வரும், கருக்கலைந்த பிறகும் வரும், குழாயில் தங்கிய கர்ப்பத்துக்கு அப்புறமும் வரும். தங்கைக்கு ஸ்கோர் 7-ஐத் தாண்டிவிட்டது. எடோபோசைடு, மெத்தோட்ரெக்சேட், ஆக்டினோமைசின் முதல் இரண்டு நாள், எட்டாம் நாள் சைக்ளோபாஸ்பமைடும் வின்கிரிஸ்டினும், இப்படி இரண்டு வாரத்துக்கு ஒரு சுற்று. மூளையையும் ஸ்கேன் பார்த்தார்கள், நல்ல வேளையாக அங்கே இல்லை. பால் நிறுத்த வேண்டியதாயிற்று, அதுதான் அவளுக்குப் பெரிய துக்கம். மாரில் பால் கட்டி வலியோடு கீமோ படுக்கையில் படுத்திருந்தாள், குழந்தையை நான் வராந்தாவில் வைத்துக்கொண்டு புட்டிப்பால் கொடுத்தேன். எட்டு சுற்று. இன்றைக்கு அவன் யு.கே.ஜி. போகிறான், அவள்தான் கொண்டுபோய் விடுகிறாள்.

பிரசவமோ கருக்கலைப்போ ஆன பெண்ணுக்கு உதிரம் நிற்காமல் போனால், காரணமில்லாமல் இருமலில் ரத்தம் வந்தால், திடீரென்று வலிப்பு வந்தால் கூட, ஒரு பீட்டா எச்.சி.ஜி. பாருங்கள் என்று கேளுங்கள். அந்த ஐந்து வாரம் எனக்கு இன்னும் ஆறவில்லை.


மல்லிகைப்பந்தல் | சனி, காலை 10.20

எனக்கு 43 வயது, இரண்டு பிள்ளைகள். எதிர்பாராமல் கர்ப்பமாகி முத்துப்பிள்ளை என்கிறார்கள். கர்ப்பப்பையையே எடுத்துவிட்டால் இந்த ஊசி, பரிசோதனை எதுவும் வேண்டாம் அல்லவா?


இளவேனில் | சனி, பகல் 12.05

மல்லிகைப்பந்தல் அம்மா, உங்கள் வயதில் பிள்ளை போதும் என்றால் கர்ப்பப்பை எடுப்பது ஒரு வழிதான், பின்னால் கீமோ தேவைப்படும் வாய்ப்பு குறையும். ஆனால் எடுத்த பிறகும் வாரா வாரம் பீட்டா கட்டாயம். எடுப்பதற்கு முன்பே ஓரிரு செல் ரத்தத்தில் நழுவி நுரையீரலில் உட்கார்ந்திருக்கலாம். பரிசோதனையை விட்டுவிடலாம் என்ற நினைப்பில் மட்டும் எடுக்காதீர்கள்.

இந்த நோய்க் குடும்பத்தில் இன்னும் அரிதாக இரண்டு வகை உண்டு, நஞ்சு ஒட்டிய இடத்திலேயே மெதுவாக வளர்வது. அவற்றில் எச்.சி.ஜி. அவ்வளவு ஏறாது, கீமோவும் லேசில் கேட்காது, அங்கே அறுவைதான் முதல் வைத்தியம்.


வைகைக்கரை | ஏழு வாரம் கழித்து, ஞாயிறு இரவு

இத்தனை நாள் எழுதாததற்கு மன்னியுங்கள். மூன்று சுற்று முடிந்துவிட்டது. 1,105-இலிருந்து 310, அப்புறம் 42, போன வாரம் 3.2. ஐந்துக்குக் கீழே வந்தால் இயல்பு என்றார்கள். ஆஸ்பத்திரி வாசலில் அக்காவுக்குப் போன் போட்டுக் கத்தினேன்.

ஆனால் இன்னும் மூன்று சுற்று போட வேண்டுமாம். இவளுக்கு வாயெல்லாம் புண், நாலு கிலோ இறங்கிவிட்டாள். நம்பர் இயல்பாகிவிட்டதே, இதோடு போதும் என்று கேட்கலாமா?


நூலகத் திண்ணை | திங்கள், காலை 7.00

கேட்காதீர்கள் நண்பரே. இந்தக் கேள்விக்காகவே ஒரு டாக்டர் வேலையை இழந்திருக்கிறார்.

1950களில் அமெரிக்காவின் தேசியப் புற்றுநோய் நிலையத்தில் மின் சியூ லீ என்ற சீன மருத்துவரும் ராய் ஹெர்ட்ஸும் இதே கோரியோகார்சினோமா பெண்களுக்கு மெத்தோட்ரெக்சேட் கொடுத்தார்கள். அதுவரைக்கும் நுரையீரல் முழுக்கப் பரவிய பெண்கள் பிழைப்பது மிக அரிது. எக்ஸ்ரேயில் கட்டி மறைந்தது. 1956-இல் கட்டுரையும் வந்தது. ஆனால் லீ அதோடு நிறுத்தவில்லை. கண்ணுக்குக் கட்டி தெரியாவிட்டாலும் ஹார்மோன் இருக்கிறதே, அப்படியென்றால் செல் இருக்கிறது என்று அது அடங்கும் வரை மருந்து கொடுத்துக்கொண்டே போனார். நலமாக இருக்கும் பெண்களுக்கு வெறும் நம்பருக்காக விஷத்தை ஏற்றுகிறார் என்று மேலே இருந்தவர்களுக்குப் பட்டது, வேலை போனது. பின்னால் பார்த்தால், அவர் வழியில் ஹார்மோன் அடங்கும் வரை மருந்து பெற்ற பெண்களுக்கு நோய் திரும்பவில்லை, பாதியில் நிறுத்தியவர்களுக்குத் திரும்பியது. உறுப்பில் கட்டியாகப் பரவிய புற்று ஒன்று மருந்தால் மட்டுமே குணமானது அதுதான் முதல் முறை. 1972-இல் லீ, ஹெர்ட்ஸ் இருவருக்குமே மருத்துவ ஆராய்ச்சிக்கான லாஸ்கர் விருது கொடுத்தார்கள்.

இன்றைக்கு இயல்பான பிறகும் இரண்டு மூன்று சுற்று போடுவது அந்தப் பாடத்தின் மீதிதான். பரிசோதனையில் 3.2 என்று வரும்போது கருவியின் கண்ணுக்குத் தெரியாத செல்கள் இன்னும் இருக்கக்கூடும்.

இன்னொன்றும் சொல்ல ஆசை. அந்த மருந்து பிறந்த லெடர்லே ஆய்வகத்தில் ஆராய்ச்சிக்குத் தலைமை தாங்கியவர் எல்லப்பிரகட சுப்பாராவ். பீமவரத்தில் பிறந்து, நம் சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். 1948-இல், 53 வயதில் இறந்துவிட்டார், தன் மருந்து இந்த நோயைத் தீர்த்ததை அவர் பார்க்கவில்லை. உங்கள் மனைவிக்கு இடுப்பில் ஏறுவது அந்த மருந்துதான்.


வேப்பமரத்தடி | திங்கள், காலை 7.40

புண்ணை டாக்டரிடம் காட்டுங்கள் தம்பி, ரத்த அணுவும் ஈரலும் சிறுநீரகமும் பார்த்துவிட்டுத்தான் அடுத்த ஊசி போடுவார்கள். தேவைப்பட்டால் சில நாள் தள்ளுவார்கள். தள்ளுவது அவர்கள் முடிவாக இருக்கட்டும். முடிந்து ஒரு வருடம் மாதா மாதம் பீட்டா, அந்த ஒரு வருடம் கர்ப்பம் கூடவே கூடாது, கர்ப்பமானால் நம்பர் ஏறும், நோயா பிள்ளையா என்று பிரிக்க முடியாமல் போகும். கருத்தடை மாத்திரை சாப்பிடலாம், தப்பில்லை. காப்பர்-டி மட்டும் எச்.சி.ஜி. முழுசாக அடங்குவதற்கு முன் வேண்டாம்.


வைகைக்கரை | இரண்டு மாதம் கழித்து, வியாழன்

ஆறாவது சுற்று போன மாதம் முடிந்தது. நேற்றைய நம்பர் ஒன்றுக்கும் கீழே. எக்ஸ்ரேயில் ஒரு புள்ளி இன்னும் நிழலாகத் தெரிகிறது, அது வடு, நம்பர் அடங்கியிருந்தால் அதைத் தொடத் தேவையில்லை என்றார் டாக்டர். மாதா மாதம் வர வேண்டிய தேதியை அவளே காலண்டரில் வட்டம் போட்டாள், கரிசல் பெண் சொன்ன மாதிரி. இன்றைக்குக் காரக்குழம்பு வைத்துச் சாப்பிட்டாள்.


புதுமுகம்_தேவகி | அதே நாள், மாலை 5.50

அண்ணா, முழு இழையும் படித்தேன். என் அண்ணிக்கு இன்று காலை முத்துப்பிள்ளை எடுத்தார்கள், இன்னும் ஆஸ்பத்திரியில்தான் இருக்கிறோம். சதையை லேபுக்கு அனுப்பினார்களா என்று தெரியவில்லை, கேட்டால் கோபப்படுவார்களோ என்று இருக்கிறது.


வைகைக்கரை | மாலை 5.54

போய்க் கேளுங்கள் தங்கச்சி, இப்போதே. தியேட்டர் சிஸ்டரிடம் நேராகக் கேளுங்கள், டியூட்டி டாக்டர் வரும் வரை காத்திருக்க வேண்டாம். பாட்டிலில் பெயர் எழுதியிருக்கிறதா என்று கண்ணால் பாருங்கள். அண்ணிக்கு ரத்த வகை நெகட்டிவ் என்றால் அதற்கான ஊசி போட்டார்களா என்றும் கேட்டுவிடுங்கள். முதல் பீட்டா எந்தத் தேதியில் என்று டிஸ்சார்ஜ் சீட்டில் எழுதி வாங்குங்கள். கேட்டுவிட்டு இங்கே எழுதுங்கள், நான் போனைப் பக்கத்திலேயே வைத்திருக்கிறேன்.


புதுமுகம்_தேவகி | மாலை 6.31

கேட்டேன் அண்ணா. ஃபார்மலினில் போட்டு வைத்திருந்தார்கள், பெயர்ச்சீட்டு இன்னும் ஒட்டவில்லை. என் முன்னாலேயே எழுதி ஒட்டினார்கள். காலையில் போகிறதாம்.